நோட்டில் தெரியும் கோளாறு: பிள்ளைகளின் எழுத்தும் யோசனையும் எங்கே மாட்டிக்கொள்கின்றன, எப்படிச் சரிசெய்வது

இது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழோ சமூக அறிவியலோ நடத்துகிறவர்களுக்கு, அதிலும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கரைப்பக்கப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு. பயிற்சி வகுப்பில் 'படைப்பாற்றல்', 'உயர்நிலைச் சிந்தனை' என்று பெரிய பெரிய வார்த்தையாகச் சொல்லி, டீயும் வடையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் ஒரு வகுப்பு நோட்டு முழுக்க மேசைமேல் குவிந்து கிடக்கும்போது அது கைகொடுக்காது. அதனால் இங்கே தலைகீழாக வருகிறேன். நோட்டைத் திறந்தால் என்ன தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, காரணம் எங்கே என்று பின்னால் போய்ப் பார்ப்போம்.

என் கட்சி இதுதான்: நோட்டில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை, நாம் கொடுத்த கேள்வியில் இருக்கிறது. ஒத்துக்கொள்ள மனம் வராதுதான். கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

இன்னொன்று, இந்தக் கோளாறுகளுக்குப் புதிதாகப் பெயர் தேட வேண்டியதில்லை. தமிழ் படித்த எல்லோரும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோன நன்னூல் பத்துக் குற்றம் இருக்கிறதே, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்கி நின்று பயனின்மையில் முடிவது, அது நோட்டுத் திருத்துவதற்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். நன்னூல் எழுதிய பவணந்தியார் அதை நூலுக்குச் சொன்னார், நாம் நோட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

எதையும் தொடுவதற்கு முன்

என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கழற்றுவதற்கு முன்னால் டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி முதலில் மூன்றைப் பாருங்கள். பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா? கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா? ஒழுங்காகப் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறதா? ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை என்றால் கீழே சொல்லும் எதுவும் அவனுக்கு இப்போதைக்கு இல்லை, அவனுக்கு வேண்டியது வாசிப்பு. கண் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளை கண்ணாடி போட்ட பிறகு வேறு ஆளாக ஆவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள்.

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான், முதல் வரி வரவில்லை

பெரும்பாலும் தலைப்பு அகலமாக இருப்பதால் வருகிற கோளாறு. 'கடல் வளம்' என்று பலகையில் எழுதிவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள் என்றால் பெரியவர்களுக்கே கை ஓடாது. தலைப்பைக் குறுக்குங்கள். 'இன்று காலை ஏலக்கூடத்தில் எந்த மீனுக்கு விலை ஏறியது, ஏன்?' என்று கேளுங்கள். அப்பா கடலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைக்கு 'உங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது யார் முதலில் குடம் வைக்கிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள்?' என்று கேளுங்கள்.

அப்படியும் வரவில்லையா, ஐந்து நிமிடம் வைத்துப் பேனாவை எடுக்காமல் எழுதச் சொல்லுங்கள். பிழை பார்க்க மாட்டேன், படிக்கவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியே படிக்காமலும் இருங்கள். 'என்ன எழுதுறதுன்னு தெரியல' என்பதையே நாலு தடவை எழுதினாலும் பரவாயில்லை, ஐந்தாவது வரியில் ஏதாவது வந்து விழும். அந்த ஒரு வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கட்டுரை அங்கிருந்து தொடங்கட்டும்.

எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரை

நம் பக்கத்தில் இதற்குத் தனி உதாரணம் தேவையில்லை. 'என்னைக் கவர்ந்த தலைவர்' என்று கொடுங்கள், வகுப்பே அப்துல் கலாமை எழுதும். 1931 அக்டோபர் 15, ராமேஸ்வரம், ஏழைக் குடும்பம், பேப்பர் போட்டார், ஏவுகணை விட்டார், கனவு காணுங்கள் என்றார், முடிவுரை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவர் நம்ம ஊர்க்காரர், பிள்ளைகளுக்குப் பெருமை இருக்கும். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியது பிள்ளை இல்லை, நோட்ஸ் போட்ட கம்பெனி.

இங்கே தலைவரை மாற்றாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். கலாம் சின்ன வயதில் பேப்பர் போட்டது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள், அதனால் பேப்பர் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடும் ரயிலிலிருந்தே வீசினார்கள், அதைப் பொறுக்கி எடுக்க ஆள் தேவைப்பட்டது, அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. இதை மட்டும் சொல்லிவிட்டு மூன்று கேள்வி போடுங்கள். போருக்கும் நம் ஸ்டேஷனில் ரயில் நிற்காததற்கும் என்ன சம்பந்தம் இருக்கலாம்? தனுஷ்கோடி வரை போன ரயில் இப்போது ஏன் போவதில்லை? பேப்பர் ஒரு நாள் தாமதமாக வந்தால் அந்தக் காலத்தில் ஊரில் யாருக்கு நஷ்டம், இப்போது யாருக்கு?

மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுதட்டும். எந்த நோட்ஸிலும் இதற்கு விடை கிடையாது, அதனால் காப்பி அடிக்கவும் வழி இல்லை. இரண்டாவது கேள்வியை எடுத்த பிள்ளை தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அங்கே போனால் பாட்டியிடம் கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் எழுத விஷயம் தானாக வரும்.

இன்னொரு வழி, நேரில் பார்த்து எழுதுவது. பேய்க்கரும்பு நினைவிடம் தங்கச்சிமடத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 'நினைவிடத்தின் சிறப்புகள்' என்று கேட்டால் போர்டில் இருப்பதைக் காப்பி அடித்துக்கொண்டு வருவான். 'ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த வாசலில் நின்று பார், வருகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்?' என்று கேட்டால் செல்ஃபி எடுப்பதையும், வெள்ளரிக்காய் விற்பதையும், பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிடுவதையும் எழுதிக்கொண்டு வருவான். அதுதான் எழுத்து.

கடல் அன்னை, இயற்கை அன்னை, தமிழன்னை

மேலே சொன்னதற்கு ஒன்றுவிட்ட தம்பி. நோட்ஸ் இல்லாமலே எழுதியிருப்பாள், ஆனால் வாக்கியம் எல்லாம் மேடையிலிருந்து வந்திருக்கும். நன்னூல் இதை 'வெற்றெனத் தொடுத்தல்' என்கிறது. ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாம்பன் பக்கத்துப் பெண், அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதியது:

'கடல் நமக்கு எண்ணற்ற செல்வங்களை வாரி வழங்குகிறது. அத்தகைய கடல் வளத்தைக் காப்பது நம் அனைவரின் தலையாய கடமையாகும்.'

இதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, பத்துக்கு எட்டு போட்டுவிடலாம். போடாதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டு, 'அம்மா பாசியைப் பறிக்கும்போது எதைப் பறிக்காமல் விடுவாங்க?' என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வருவது இப்படி இருக்கும்:

'அம்மா பாசிக்குப் போகும்போது விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொள்வார், இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். பாசியை வேரோடு பெயர்க்கக் கூடாது, நுனியை மட்டும் எடுத்தால்தான் மறுபடி வளரும் என்பார். ஆனால் எல்லோரும் அப்படி எடுப்பதில்லை. தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும். நுனியை மட்டும் எடுக்கிறவரையும் பிடிக்கும், பெயர்த்து எடுக்கிறவரையும் பிடிக்கும்.'

கடைசி வரியைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து இன்றுவரை இழுபறியாக இருக்கும் விவகாரம் அது, அதைப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒரே வரியில் தொட்டுவிடுகிறாள். யாரும் அவளுக்கு 'விமர்சனச் சிந்தனை' என்று பாடம் நடத்தவில்லை. தெரிந்ததைக் கேட்டார்கள், அவ்வளவுதான். இங்கிருந்து 'அப்படியானால் விதி எப்படி இருக்கணும்?' என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். அது அடுத்த வாரக் கட்டுரை.

பேசச் சொன்னால் கொட்டுகிறான், எழுதச் சொன்னால் மூன்று வரி

பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஒரே தாவலில் வரச் சொல்கிறோம், பிள்ளை நடுவில் விழுந்துவிடுகிறான். முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே எழுத விடுங்கள். தமிழய்யாக்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். முதல் வரைவுக்குத்தான் சொல்கிறேன், அது நோட்டுக்குக் கடைசிப் பக்கத்தில் கிடக்கட்டும்.

'காத்து மாறிருச்சு சார், கச்சான் அடிக்குது, படகு வர லேட்டாகும்' என்று சொல்கிறான் பையன் (கச்சான் என்பது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று). அப்படியே எழுதட்டும். அப்புறம் அதை மாற்றி எழுதும்போது 'காற்று மாறிக் கச்சான் அடிப்பதால் படகு திரும்பத் தாமதமாகும்' என்று வரும். கவனித்தீர்களா, பேச்சில் தனித்தனியாகக் கிடந்த மூன்று துண்டும் எழுத்தில் ஒன்றுக்கொன்று காரணமாக ஆகிவிட்டது. அந்த 'ஆல்' வரும் இடத்தில் பையன் யோசித்தே ஆக வேண்டும்: காற்று மாறியதாலா, கச்சான் அடிப்பதாலா? எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதை வெறும் திருத்தமாக நடத்தாமல் யோசிக்கிற வேலையாக நடத்தினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

எழுதுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லவிடுங்கள். கேட்கிறவன் சும்மா தலையாட்டாமல், புரியாத ஒரு இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். நன்னூலே கணக்குப் போட்டுச் சொல்கிறது: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் கைக்கு வரும், உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரை. அந்த அரைப் பங்குக்கு நம் பாடவேளையில் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம் என்று ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருத்து இருக்கிறது, காரணம் இல்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் சரிசெய்தால் பலன் உடனே தெரியும். 'மீன்பிடித் தடைக்காலம் அவசியம். அது மிகவும் நல்லது. எனவே அனைவரும் பின்பற்ற வேண்டும்' என்று எழுதியிருப்பான். அவசியம் என்பதற்குக் காரணம் நல்லது, நல்லது என்பதற்குக் காரணம் அவசியம்.

இதற்கு அயல்நாட்டு முறை எதுவும் வேண்டாம், மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லிக்கொடுக்கிறார்: பக்கம் (சொல்ல வரும் முடிவு), ஏது (அதற்குக் காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டு உண்டு, அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அவரே சொல்லிவிடுகிறார், அதனால் மூன்று போதும்.

பிள்ளைகளுக்கு மலையும் புகையும் வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 'இன்னைக்குப் படகு போகாது' பக்கம். 'மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க' ஏது. 'கூண்டு ஏத்தினா மீன்துறை டோக்கன் கொடுக்காது, போன மாசமும் அப்படித்தான்' திட்டாந்தம். வாயால் இதைத் தினமும் செய்கிறவர்களுக்கு நாம் மூன்று பெயர் மட்டும் கொடுக்கிறோம். பெயர் கிடைத்ததும் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்த்து 'டேய், ஏது எங்கடா?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நாம் கேட்பதைவிட அது நன்றாக உறைக்கும்.

இப்போது தடைக்காலத்துக்கு வாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், முன்பு 45 நாளாக இருந்து 2017-இல் நீண்டது. தடை விசைப்படகுக்கு, நாட்டுப்படகுக்கு இல்லை. நம் வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நல்ல விவாதம் எங்கே கிடைக்கும்? ஆனால் பட்டிமன்றம் மாதிரி நடத்தாதீர்கள். பட்டிமன்றத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது கைதட்டு வாங்குவதை மட்டும்தான், எதிர்க்கட்சி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தாலும் ஒத்துக்கொண்டால் தோல்வி.

வேறு மாதிரி செய்யுங்கள். விசைப்படகு வீட்டுப் பிள்ளை நாட்டுப்படகுக்காரர் பக்கத்து ஏதுக்களை எழுத வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளை இவர்கள் பக்கத்தை. எழுதி முடித்ததும் நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், உரியவன் படித்துவிட்டு 'ஆமா, நாங்க இதைத்தான் சொல்றோம்' என்று ஒத்துக்கொண்டால்தான் மார்க். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன விடுபட்டது என்று கேட்டுத் திரும்ப எழுத வேண்டும். அதற்குப் பிறகு தன் கருத்தை எழுதட்டும். அடுத்தவன் நியாயத்தை ஒருமுறை தன் கையால் எழுதியவன் 'அனைவரும் பின்பற்ற வேண்டும்' என்று அவ்வளவு சுலபமாக முடிக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை. கடலில் நடந்த பிரச்சினையில் அப்பாவோ சித்தப்பாவோ சிறையில் இருக்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் எல்லை, கைது, படகு பறிமுதல் போன்ற தலைப்பை அந்த வாரம் எடுக்காதீர்கள். விவாதம் பயிற்சிக்குத்தான்.

'சார், போன்ல வந்துச்சு'

ராமேஸ்வரம், தொண்டி, தேவிபட்டினம் எங்காவது கடல் கொஞ்சம் உள்வாங்கினால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லோர் போனிலும் 'சுனாமி அறிகுறி' என்று படம் வந்துவிடும். இதை ஒரு பாடவேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் இரண்டு வரி: 'கடல் உள்வாங்கியது.' 'சுனாமி வரப்போகிறது.' முதலாவது பார்த்தது, இரண்டாவது முடிவு. நடுவில் என்ன இருக்கிறது?

பிள்ளைகளிடமிருந்தே வரும். அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறி இறங்கும் என்று ஒருவன் சொல்வான், தாத்தா சொன்னது. காற்றுத் திசை மாறினாலும் தண்ணீர் விலகும் என்று இன்னொருவன். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அதனால் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே தரை வெகுதூரம் தெரியும் என்பதை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். ஒரே காட்சிக்கு இத்தனை காரணம் இருக்க முடியும் என்றால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிலநடுக்கம் ஏதாவது பதிவானதா? 2004-க்குப் பிறகு, 2007 முதல் ஐதராபாத்தில் இருந்து இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் ஏதாவது அறிவித்திருக்கிறதா? படம் இன்றைக்கு எடுத்ததா, போன வருடத்துப் படமா? அதே சமயம் ஒன்றையும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: கடல் சட்டென்று, வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் பின்வாங்கினால் கட்டுரை எழுதிக்கொண்டு நிற்கக் கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும். சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது எச்சரிக்கையை உதறுவதற்கு அல்ல.

'புத்தகத்தில் போட்டிருக்கு' என்பதும் இதே கோளாறுதான், கொஞ்சம் மரியாதையான உடையில் வரும். அதற்கு 1964 புயலை எடுங்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மூன்று இடத்தில் தேடச் சொன்னால் ஒரே எண் வராது. எது சரி என்று சண்டை போட வேண்டாம். ஏன் வேறுபடுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்தவர்களை எண்ணினால் ஒரு கணக்கு, எடுக்காமல் ஏறியவர்களை எப்படி எண்ணுவது? பாட்டி சொல்வதும் பேப்பரில் வந்ததும் ஏன் ஒத்துப்போகவில்லை? பாட்டி நேரில் பார்த்ததையா சொல்கிறார், கேட்டதையா? ஒன்பதாம் வகுப்புக்கு இது தாங்கும். ஆறாம் வகுப்புக்கு வேண்டாம், அங்கே 'யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்?' என்ற இரண்டு கேள்வி போதும்.

கேள்வி கேட்டால் வகுப்பே அமைதி

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள் அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று விநாடி பொறுக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று விநாடி நம் வகுப்பில் மூன்று மணி நேரம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பலனுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்: பிள்ளை பதில் சொல்லி முடித்த உடனே 'சரி', 'வெரி குட்' என்று வெட்டாமல் இன்னும் மூன்று விநாடி முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், அதுவாகவே காரணத்தைச் சொல்லும்.

துண்டு துண்டாக வாக்கியம்

'பனைமரம் உயரமானது. அதில் பதநீர் கிடைக்கும். அதைக் காய்ச்சுவார்கள். கருப்பட்டி கிடைக்கும்.' ஆறாம் வகுப்பில் சரி, ஒன்பதிலும் இப்படியே என்றால் வாக்கியங்களைச் சேர்க்கும் பயிற்சி கொடுங்கள். நாலையும் ஒன்றாக்கு, அப்புறம் வேறு மாதிரி ஒன்றாக்கு, எது நன்றாக இருக்கிறது, ஏன்? தினமும் பத்து நிமிடம் போதும். 2007-இல் ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் இருவரும் நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்குமான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வாக்கியச் சேர்ப்புக்கு நல்ல பலன் தெரிந்தது, இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து முன்னேறவில்லை. அவை ஆங்கில எழுத்தைப் பற்றிய ஆய்வுகள், நம் சந்தியையும் வேற்றுமையையும் அப்படியே அதில் போட்டு அளக்க முடியாது. ஆனாலும் வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறவன் கட்டுரையில் ஒற்றைப் போடாமல் விடுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

திருத்திக் கொடுத்தும் அதே பிழை

பக்கம் முழுக்கச் சிவப்பு மை, கீழே 6/10. பிள்ளை முதலில் பார்ப்பது ஆறை, அடுத்துப் பக்கத்து நோட்டில் இருக்கும் 7-ஐ, அத்தோடு நோட்டு மூடிவிடும். 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் சோதித்துப் பார்த்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, மதிப்பெண் குறிப்பை விழுங்கிவிட்டது.

நாம் மார்க் போடாமல் இருக்க முடியாது, ரெஜிஸ்டர் இருக்கிறது, கல்வி அதிகாரி வருவார், பெற்றோர் கேட்பார்கள். அதனால் மார்க்கை ரெஜிஸ்டரில் போடுங்கள், நோட்டில் இரண்டாம் வரைவு வந்த பிறகு போடுங்கள். இதற்கு நோட்டின் அமைப்பையே மாற்ற வேண்டும்: வலது பக்கம் மட்டும் எழுதட்டும், இடது பக்கம் காலி. நீங்கள் வலது பக்கத்தில் ஒரு இடத்தில் கோடு போட்டு ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுகிறீர்கள். 'யார் சொன்னது?' 'அப்புறம் என்ன ஆச்சு?' 'ஏது?' பிள்ளை அந்தப் பகுதியை மட்டும் இடது பக்கத்தில் திரும்ப எழுதுகிறது, வகுப்பிலேயே, நோட்டு கைக்கு வந்த அடுத்த பத்து நிமிடத்தில். வீட்டுக்குக் கொண்டுபோனால் நடக்காது.

எழுத்துப்பிழையில் ஒரு தடவைக்கு ஒரு வகையைத்தான் பிடியுங்கள். இந்த வாரம் ர, ற. மற்றது கண்ணில் பட்டாலும் விடுங்கள். கை துறுதுறுக்கும், தெரியும். பிழையைத் திருத்திக் கொடுக்காமல் அந்த வரிக்கு நேரே ஒரு புள்ளி மட்டும் வைத்தால் இன்னும் நல்லது, எங்கே என்று அவனே தேடட்டும். நோட்டுத் திருத்தும் நேரமும் பாதியாகும், அதுவும் ஒரு லாபம்தானே.

நன்றாகத் தொடங்கி நடுவில் படுத்துவிடுகிறது

நன்னூல் பட்டியலில் இது சென்று தேய்ந்து இறுதல். காரணம் சோம்பல் இல்லை, எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் கிளம்பியது. கடைசி வரியை முதலில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் அங்கே போக நாலு சொல் குறித்துக்கொள்ளட்டும். நடுவில் வேறு விஷயத்துக்குத் தாவினால் அது மற்றொன்று விரித்தல், அந்தப் பத்தியை அடிக்க வேண்டாம், 'இதற்குத் தனிக் கட்டுரை' என்று ஓரத்தில் எழுதி வைத்துவிடலாம்.

வீட்டுப்பாடம் மட்டும் திடீரென்று பிரமாதம்

அண்ணனோ போனோ எழுதியது. போலீஸ் வேலை பார்க்காதீர்கள், அதில் நேரம்தான் போகும். முதல் வரைவை வகுப்பில் எழுத வைத்துவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. போனில் வந்த கட்டுரையையே ஒரு நாள் வகுப்பில் வாசித்துக் காட்டி, இதில் பக்கம் எது, ஏது எது, நம்ம ஊர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் திருத்த விடுங்கள். இரக்கமில்லாமல் திருத்துவார்கள்.

எழுத்து நன்றாகிவிட்டது, மார்க் குறைகிறது

இது வரும், பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பில் விடைத்தாள் திருத்துகிறவர் உங்கள் பிள்ளையை அறியாதவர், அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது, அதில் உள்ள சொல் தாளில் இருந்தால்தான் மார்க். அதனால் அரையாண்டுத் தேர்வு வரைக்கும் நம் கேள்விகள், அதற்குப் பிறகு வினாத்தாள் கேள்விகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்ற சட்டகத்தை மறைக்காமல் 'இது பரீட்சைக்கான உடுப்பு' என்று சொல்லியே கொடுங்கள், பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் புரியும். உட்தலைப்புக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் இத்தனை நாள் வேலை உதவப்போகிறது: 'கடல் மாசு' என்று கேட்டால் நெகிழியைப் பற்றி எல்லோரும் எழுதும் நாலு வரிக்குப் பிறகு, அறுந்த வலை பாறையில் மாட்டிக்கிடப்பதை அப்பா பார்த்து வந்து சொன்னதைத் திட்டாந்தமாக ஒரு வரி சேர்க்கட்டும். விடைக்குறிப்பில் இல்லாவிட்டாலும் யாரும் அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள். உட்தலைப்பை அடிக்கோடிட்டு, பத்திக்கு நடுவில் ஒரு வரி இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள், மை பின்பக்கம் ஊறாத பேனாவாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.